கிரிஃபித்ஸா, பர்செலா? மின்னியக்கவியலைத் தனியாகப் படிக்க

இங்கே மொரீஷியஸில் பள்ளி இறுதியான எச்.எஸ்.சி. தேர்வு நவம்பரோடு முடிந்துவிடும். ரெதுயியில் பல்கலைக்கழக வகுப்புகள் ஆகஸ்டில்தான். ரோஸ் ஹில்லில் இருக்கும் என் அக்கா மகள் இயற்பியல் எடுக்கப்போகிறாள். "மாமா, அதுவரை மின்னியக்கவியலை நானே படிக்கிறேன். எந்தப் புத்தகம் வாங்கட்டும்?" என்று கேட்டாள். மின்னையும் காந்தத்தையும் சேர்த்துப் பேசும் இந்தப் பாடத்துக்கு என் முன் இருப்பவை இரண்டு பாடநூல்கள்: டேவிட் கிரிஃபித்ஸ் எழுதியது ஒன்று, எட்வர்ட் பர்செல் எழுதியது ஒன்று.

கூலும் விதி, மின்தேக்கி, தூண்டல் எல்லாம் அவளுக்குத் தெரியும். தெரியாதது இடத்துக்கு இடம் மாறும் புலத்தைக் கையாளும் கணிதம். கிரிஃபித்ஸ் அதை முதல் அதிகாரத்திலேயே மொத்தமாக வைத்துவிடுகிறார். கூட ஆசிரியர் இருந்தால் அது நல்ல வழி. தனியாக இருப்பவர் அங்கேயே களைத்துப்போவதைப் பார்த்திருக்கிறேன். பர்செலோ கர்ல் (புலம் எப்படிச் சுழல்கிறது என்பது), டைவர்ஜன்ஸ் (புலம் ஒரு புள்ளியிலிருந்து எவ்வளவு விரிகிறது என்பது) இரண்டையும் மின்னழுத்தம் பேசும்போது, தேவை வந்த இடத்தில் சொல்லித் தருகிறார். கர்லைப் புரிந்துகொள்ள நமக்கோ சூறாவளிப் படமே போதும். நாம் இருக்கும் தென்கோளத்தில், மேலிருந்து பார்த்தால், காற்று கடிகார முள் போலச் சுழலும். வலது கை விரல்களை அப்படியே மடக்கினால் கட்டைவிரல் தரையைக் காட்டும். அதுதான் கர்லின் திசை.

பர்செலை நான் விரும்புவதற்குப் பெரிய காரணம் காந்தவியல். மின்னோட்டம் பாயும் கம்பிக்குப் பக்கத்தில், எலக்ட்ரான்கள் நகரும் திசையிலேயே ஒரு நேர்மின்னூட்டம் போகிறது என்று வையுங்கள். நகரும் பொருளின் நீளம் குறுகித் தெரியும் என்கிறது ஐன்ஸ்டீனின் சார்பியல். அதனால் அந்த மின்னூட்டத்தின் பார்வையில் கம்பியின் நேரயனிகள் நெருங்கும், எலக்ட்ரான்கள் விலகும். நமக்கு நடுநிலையாகத் தெரியும் கம்பி அதற்கு நேர்மின்னூட்டம் கொண்டதாகி அதைத் தள்ளுகிறது. நாம் காந்தவிசை என்பது இதைத்தான். வீட்டுக் கம்பியில் எலக்ட்ரான்கள் நொடிக்கு ஒரு மில்லிமீட்டர்கூட நகர்வதில்லை. எண்ணிக்கை அவ்வளவு அதிகம் என்பதால் அந்த நத்தை வேகத்திலும் சார்பியல் கண்ணுக்குத் தெரிகிறது! கிரிஃபித்ஸில் இதற்குக் கடைசியான 12ஆம் அதிகாரம் வரை காத்திருக்க வேண்டும்.

அப்புறம் கணக்குகள். தனியாகப் படிப்பவருக்குத் தப்பைச் சுட்டிக்காட்ட ஆள் கிடையாது. பர்செலின் மூன்றாம் பதிப்பில் ஏராளமான கணக்குகளுக்கு முழுத் தீர்வும் உள்ளேயே இருக்கிறது. கிரிஃபித்ஸின் கணக்குகள் அருமையானவை, ஆனால் பெரும்பாலானவற்றுக்கு நூலில் தீர்வு இல்லை. எனக்கு இந்த ஒன்றே முடிவைச் சொல்லிவிட்டது.

பழைய புத்தகம் வாங்குவதானால் ஆண்டைப் பாருங்கள். 1985இல் வந்த பர்செலின் இரண்டாம் பதிப்பு காஸ் அலகுகளில் (சென்டிமீட்டர், கிராம் வைத்த பழைய முறை) இருக்கிறது. கூலும் விதியில் நாம் பழகிய 4πε₀ அதில் இருக்காது, தனியாகப் படிப்பவர் குழம்பிப்போவார். 2013இன் மூன்றாம் பதிப்புதான் எஸ்.ஐ. அலகுகளுக்கு மாறியது.

கிரிஃபித்ஸை ஒதுக்கச் சொல்லவில்லை. எல்லை நிபந்தனைகளை (ஓர் இடத்தின் விளிம்பில் தெரிந்த மதிப்புகளை) வைத்து உள்ளே மின்னழுத்தம் காண்பது, கதிர்வீச்சு ஆகியவற்றில் பர்செல் அவ்வளவு ஆழம் போவதில்லை. அங்கே கிரிஃபித்ஸுக்கு ஈடு இல்லை. அதனால் அவளிடம் சொன்னது இதுதான்: தூண்டல் வரை பர்செல், பிறகு கிரிஃபித்ஸின் மூன்றாம் அதிகாரம். இதே பாடத்தில் இன்னும் கடினமான ஜாக்சனின் நூலை முதுகலையில் பார்த்துக்கொள்ளலாம். தீர்வுப் பக்கத்தைத் திருப்புவதற்கு முன் ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு மாலையாவது கொடு.