பிடித்த தொடரை எந்தத் திரையில் பார்ப்பது: டிவி, லேப்டாப், டேப்லெட்

டிவியா, லேப்டாப்பா, டேப்லெட்டா என்று பேச ஆரம்பித்தால் பேச்சு நேரே அங்குலத்தில் போய் நிற்கும். 55 பெரிது, 14 சிறிது, 11 ரொம்பச் சிறிது. ஆனால் கண் அங்குலத்தை அளப்பதில்லை. திரை நம் பார்வையில் எத்தனை டிகிரியை அடைக்கிறது என்பதுதான் அதற்குக் கணக்கு. 55 அங்குல டிவியின் அகலம் சுமார் 122 செ.மீ. இரண்டரை மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் அது ஏறக்குறைய 27 டிகிரி. 14 அங்குல லேப்டாப்பை 60 செ.மீ. தூரத்தில் வைத்தால் 28 டிகிரி. 11 அங்குல டேப்லெட் 45 செ.மீ. தூரத்தில் இருந்தால் அதுவும் 28. மூன்றும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான்.

அதனால் அங்குலத்தை ஒதுக்கி வைத்துவிட்டு இந்த மூன்றையும் ஒப்பிட வேண்டும் என்று நினைக்கிறேன். நான் பார்ப்பது முக்கியமாக இரண்டு விஷயங்களை: திரை இருட்டை எப்படிக் காட்டுகிறது, பேச்சை எப்படிக் கேட்க வைக்கிறது. பிக்சல் எண்ணிக்கை, மெலிவு, எடை எல்லாம் அப்புறம்.

இருட்டை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. இப்போதைய நல்ல தொடர்களில் பாதிக்கு மேல் இருட்டை நம்பி எடுக்கப்பட்டவை. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' எட்டாவது சீசனின் மூன்றாவது எபிசோட் 2019 ஏப்ரலில் வந்தது. 82 நிமிடம், இரவுப் போர். "ஒன்றுமே தெரியவில்லை" என்று பல நாடுகளிலும் ரசிகர்கள் புலம்பினார்கள். வேண்டுமென்றே இருட்டாகத்தான் எடுத்தோம், பலருக்கும் டிவியைச் சரியாக அமைக்கத் தெரிவதில்லை என்று ஒளிப்பதிவாளர் ஃபேபியன் வாக்னர் பதில் சொன்னார். அவர் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதி திரையிலும் ஸ்ட்ரீமிங்கிலும் இருக்கிறது.

எல்சிடி திரையில் பின்னால் ஒரு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். கறுப்பு வேண்டும் என்றால் திரவப் படிகம் அந்த ஒளியை மறிக்க வேண்டும். முழுதாக மறிக்க அதனால் முடியாது, கொஞ்சம் கசியும். அதனால்தான் இருட்டறையில் எல்சிடியின் கறுப்பு சாம்பலாகத் தெரிகிறது. ஓஎல்இடியில் ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும், கறுப்பு என்றால் தானே அணைந்துவிடும். பெரும்பாலான லேப்டாப்புகளில் இருக்கும் ஐபிஎஸ் வகை எல்சிடியில் வெளிச்சத்துக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம் சுமார் 1000-க்கு 1. டிவிகளில் பரவலாக இருக்கும் விஏ வகை எல்சிடியில் அது 3000 முதல் 5000 வரை போகும். ஆக, சாதாரண டிவிகூட இருட்டுக் காட்சியில் சாதாரண லேப்டாப்பை விட ஒரு படி மேல்தான். ஓஎல்இடி டிவியோடு ஒப்பிட்டால் போட்டியே இல்லை.

இதைச் சோதித்துப் பார்க்க எனக்குப் பிடித்த இடம் 'பெட்டர் கால் சால்' தொடரில் வரும் கறுப்பு வெள்ளைக் காட்சிகள். முதல் எபிசோடே அப்படித்தான் தொடங்குகிறது: ஒமாஹா நகரம், பலகாரக் கடை, மீசை வைத்துக்கொண்டு யாரோ ஒருவராக மாறிப்போன நாயகன். அந்தத் தொடரின் மற்ற பகுதிகள் பாலைவன வெயிலில் மின்னும். இந்தப் பகுதியில் நிறம் மொத்தமும் வற்றிப்போயிருக்கும். ஐபிஎஸ் லேப்டாப்பில் பார்த்தால் இந்தக் காட்சிகளில் லேசான நீலச் சாயல் ஏறிவிடுகிறது, நிழல்கள் வெளுத்துப்போகின்றன. ஓஎல்இடியில் அதே முகத்தில் ஒரு பக்கம் இருளுக்குள் உண்மையிலேயே மறைகிறது. அந்த மனிதன் எதற்காக ஒளிந்து வாழ்கிறான் என்பதில் பாதியை அந்த இருள்தான் சொல்கிறது என்று நான் நம்புகிறேன்.

நீலச் சாயலுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. தொடர்களை 6500 கெல்வின் வெள்ளையை வைத்துத்தான் நிறம் திருத்துகிறார்கள். புது டிவி பெட்டியிலிருந்து வெளியே வரும்போது பெரும்பாலும் அதைவிடக் குளிர்ந்த, அதாவது நீலம் கலந்த வெள்ளையில் இருக்கும், கடை வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிவதற்காக. வண்ண வெப்பநிலையை 'வார்ம்' பக்கம் தள்ளினால் முதலில் மஞ்சளாகத் தோன்றும். சில நாளில் கண் பழகிவிடும், அப்புறம் பழைய அமைப்பைப் பார்க்கவே கூசும். டேப்லெட்டிலும் லேப்டாப்பிலும் பிரச்சினை தலைகீழ்: கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று இரவு நேரத்தில் திரையை ஆரஞ்சாக்கும் வசதி, அறை வெளிச்சத்துக்கேற்ப வெள்ளையை மாற்றும் வசதி. படிக்கும்போது நல்லவைதான். தொடர் பார்க்கும்போது இரண்டையும் அணைத்துவிடுங்கள்.

டேப்லெட்டுகளில் ஓஎல்இடி புதிதல்ல. சாம்சங் 2014-லேயே தன் டேப் எஸ் வரிசையில் அந்த வகைத் திரையைக் கொடுத்துவிட்டது. ஆப்பிள் ஐபேட் புரோவுக்கு 2024-இல்தான் கொண்டுவந்தது. இப்படி ஒரு டேப்லெட் கையில் இருந்தால், இருட்டு விஷயத்தில் அது எல்சிடி டிவியைத் தோற்கடிக்கும். இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. விளக்கை அணைத்துவிட்டு ஒரே காட்சியை இரண்டிலும் ஓடவிட்டால் விவாதம் அங்கேயே முடிந்துவிடும்.

ஸ்ட்ரீமிங்கின் பங்கையும் சொல்ல வேண்டும். 4கே படத்துக்கு நொடிக்கு 15 மெகாபிட் இணைய வேகம் போதும் என்கிறது நெட்ஃபிளிக்ஸ். 4கே புளூரே வட்டு நொடிக்கு 100 மெகாபிட்டுக்கு மேல்கூடத் தர வல்லது. இந்த வித்தியாசம் வெயில் காட்சியில் தெரியாது. புகை, பனிமூட்டம், இரவு வானம் வந்ததும் பட்டை பட்டையாகவும் கட்டம் கட்டமாகவும் தெரியும். படத்தைச் சுருக்கும் நிரல் முதலில் கை வைப்பது இருண்ட பகுதிகளில்தான். நல்ல திரை இந்தக் குறையை மறைக்காது, இன்னும் தெளிவாகக் காட்டும். உயிருக்குயிராக நேசிக்கும் ஒரு தொடர் இருந்தால் அதை மட்டுமாவது வட்டில் வாங்கி வைப்பது நல்லது என்பேன்.

சரி, அசைவுக்கு வருவோம். இதில் டிவி பின்தங்குகிறது, அதுவும் தன் சொந்தக் கைவேலையால். நாடகத் தொடர்கள் பெரும்பாலும் நொடிக்கு 24 ஃபிரேமில் எடுக்கப்படுகின்றன. டிவி நடுவில் தானே ஃபிரேம்களை உருவாக்கிச் செருகி எல்லாவற்றையும் வழுக்கிக்கொண்டு ஓட வைக்கும். கோடிக்கணக்கில் செலவழித்து எடுத்த காட்சி ஸ்டுடியோவில் எடுத்த மதிய நேரத் தொடர் போல ஆகிவிடும். 2018 டிசம்பரில் டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் இதை அணைத்துவிடச் சொல்லி ஒரு வீடியோவே வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு, இந்த வேலையை அணைத்துவிட்டுப் படத்தை எடுத்தபடியே காட்டும் 'ஃபிலிம்மேக்கர் மோட்' என்ற அமைப்பு அறிவிக்கப்பட்டது. உங்கள் டிவியில் அது இருந்தால் அதைப் போட்டுவிட்டாலே பாதி வேலை முடிந்தது. லேப்டாப்பும் டேப்லெட்டும் வழக்கமாக இந்த வேலையைச் செய்வதில்லை. வந்ததை வந்தபடி காட்டும் அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். அவற்றின் குறை வேறு: 60 ஹெர்ட்ஸ் திரை, அதாவது நொடிக்கு 60 தடவை படத்தைப் புதுப்பிக்கும் திரை, அதில் 24 சரியாக வகுபடாது. ஒரு ஃபிரேம் இரண்டு தடவை, அடுத்தது மூன்று தடவை என்று காட்ட வேண்டியிருக்கும், கேமரா மெதுவாகத் திரும்பும்போது சின்னத் தடுமாற்றம் தெரியும். 120 ஹெர்ட்ஸ் என்றால் ஒவ்வொன்றும் ஐந்து தடவை, கணக்கு நேர்.

அடுத்தது ஒலி. இதில்தான் எனக்கு டிவி மேல் உண்மையான கோபம். திரை மெலிய மெலிய ஸ்பீக்கருக்கு இடம் போய்விட்டது. ஒலி கீழ்நோக்கியோ பின்சுவரை நோக்கியோ போகிறது. ஐந்து ஸ்பீக்கர், ஒரு ஊஃபர் என்று ஆறு தடமாகப் பிரித்துத் தரும் 5.1 ஒலியில் வசனம் பெரும்பாலும் நடு சேனலில் இருக்கும். அதை இரண்டு சின்ன ஸ்பீக்கருக்குள் மடித்துப் போடும்போது இசையும் வெடிச்சத்தமும் வசனத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். சத்தத்தைக் கூட்டு, குறை, கூட்டு என்று ரிமோட்டும் கையுமாக உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் இதுதான். ஆடியோ பட்டியலில் 5.1-க்குப் பதில் ஸ்டீரியோ தடம் இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள், பல நேரம் பேச்சு சட்டென்று தெளியும்.

'த வயர்' தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். 2002 முதல் 2008 வரை ஐந்து சீசன். பின்னணி இசை என்று அநேகமாக ஒன்றுமே கிடையாது. கார் ரேடியோவில் ஓடும் பாட்டு, தெருச் சத்தம், பேச்சு, அவ்வளவுதான். கதை நடக்கும் அமெரிக்க நகரமான பால்டிமோரின் தெருப்பேச்சு காதில் விழுவதே கஷ்டம். அதை டிவியின் சொந்த ஸ்பீக்கரில் கேட்டால் பாதி போய்விடும். டேப்லெட்டும் நல்ல ஹெட்போனும் இருந்தால் மூச்சிழுப்பதுகூடக் கேட்கும். இந்தத் தொடருக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு டேப்லெட்டுக்கு வாக்களிப்பேன். இன்னொரு காரணமும் உண்டு: அது முதலில் பழைய டிவிகளின் 4:3 சட்டகத்தில் ஒளிபரப்பான தொடர். 2014-இல்தான் அகலத் திரைக்காக மறுபதிப்பு செய்தார்கள். பழைய டிவிடி பதிப்பு கையில் இருந்தால் அது ஐபேடின் சதுரத்துக்கு அருகிலான திரையில் ஏறக்குறைய முழுதாக நிறைந்து நிற்கும். அகலமான டிவியில் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும்.

'செர்னோபில்' (2019) இதற்கு நேர் எதிர். அதன் இசையமைப்பாளர் ஹில்டுர் குட்னடோட்டிர், லித்துவேனியாவில் மூடப்பட்ட இக்னாலினா அணுமின் நிலையத்துக்குள் போய் அங்கிருந்த ஒலிகளைப் பதிவு செய்து, அவற்றிலிருந்தே இசையை உருவாக்கினார். நெஞ்சில் கனக்கும் அந்தத் தாழ்ந்த முழக்கம் லேப்டாப் ஸ்பீக்கரில் வராது. சின்ன ஸ்பீக்கரால் அத்தனை தாழ்ந்த ஒலியை எழுப்ப முடியாது. இதற்கு டிவியும், தனி ஊஃபரோடு கூடிய சவுண்ட்பாரும் வேண்டும். டிவியின் ஏஆர்சி என்று எழுதியிருக்கும் எச்டிஎம்ஐ துளையில் சொருகினால் போதும்.

லேப்டாப்பைப் பற்றி இதுவரை நல்லதாக அதிகம் சொல்லவில்லை. சொல்ல இருப்பதும் கொஞ்சம்தான். வேலை செய்யும் அதே திரையில் தொடர் ஓடினால் மனசு பாதி மின்னஞ்சலில் இருக்கும். பிரவுசரில் பார்க்கும்போது, காப்புரிமைப் பூட்டு காரணமாக, கட்டணம் கட்டியிருந்தும் முழுத் தெளிவு கிடைக்காமல் போகலாம். எந்த பிரவுசர், எந்தத் திரை என்பதைப் பொறுத்து அது மாறும். ஆண்ட்ராய்டு டேப்லெட்டிலும் இப்படி ஒரு கண்ணி உண்டு: வைட்வைன் எல்1 என்ற காப்புரிமைப் பூட்டுச் சான்று இல்லாத மலிவு டேப்லெட்டில் பல செயலிகள் சாதாரணத் தெளிவைத் தாண்டித் தராது. வாங்கும் முன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். லேப்டாப் ஜெயிக்கும் இடம் ஒன்று உண்டு. ஏற்கெனவே பார்த்த தொடரை நிறுத்தி நிறுத்தி, ஒரு காட்சி எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று ஆராய்ந்து பார்க்க அதைப்போல வசதி வேறில்லை. ஒரு விசையில் நிறுத்தலாம், பின்னால் போகலாம், பக்கத்திலேயே குறிப்பெழுதலாம்.

கூட ஆள் இருந்தால் மேலே சொன்ன எந்தக் கணக்கும் செல்லாது. டேப்லெட்டை இரண்டு பேர் பார்த்தால் இரண்டு பேருக்குமே கழுத்து வலிக்கும், ஹெட்போனும் போட முடியாது. முதல் தடவை பார்க்கும் தொடர், பக்கத்தில் பிடித்த மனிதர்கள் என்றால் சுமாரான எல்சிடி டிவியே எனக்குப் போதும். திருப்பம் வரும்போது அவர்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கும் சுகத்தை எந்த ஓஎல்இடியும் தராது.

தனியாக, இரவில், விளக்கணைத்துப் பார்ப்பவர் என்றால் ஓஎல்இடி டேப்லெட்டும் ஹெட்போனும். வீட்டோடு சேர்ந்து பார்ப்பவர் என்றால் டிவி, ஆனால் பெரிய அங்குலத்துக்கு வைத்த பணத்தில் ஒரு பகுதியை எடுத்துச் சவுண்ட்பாருக்குக் கொடுங்கள். நாள் முழுக்கச் செய்திச் சேனல் ஓடும் வீடு என்றால் ஓஎல்இடி வேண்டாம், அசையாத சேனல் முத்திரை காலப்போக்கில் திரையில் தழும்பாகப் பதிந்துவிடலாம். அங்கே விஏ வகை எல்சிடியே சரி. லேப்டாப் மட்டும்தான் இருக்கிறது, இப்போதைக்கு வேறு வாங்க முடியாது என்றால் நல்ல ஹெட்போன் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். எப்போதாவது அதை டிவியோடு எச்டிஎம்ஐ கேபிளில் இணைத்தால், டிஸ்பிளே செட்டிங்ஸில் டிவியை மட்டும் இயங்க வைத்து, அதன் வேகத்தை 24 ஹெர்ட்ஸுக்கு மாற்றிவிட்டு எபிசோடைத் தொடங்குங்கள்.