பேனாக்கத்தியும் அப்பத்தாவின் அருவாமனையும்: ஒன்பது வருட அனுபவம்

சொட்டுநீர்ப் பாசனக் குழாய் பதிக்கிற வேலை என்னுடையது. உசிலம்பட்டி, வாடிப்பட்டி, மேலூர் என்று வாரத்தில் ஐந்து நாள் யாருடைய தோட்டத்திலாவதுதான் இருப்பேன். செடி வரிசையோரம் ஓடுகிற 16 மி.மீ. கிளைக்குழாயை, அதாவது லேட்டரல் குழாயை, அளந்து வெட்ட வேண்டும், உரச்சாக்கின் தையலைப் பிரிக்க வேண்டும், சணல் அறுக்க வேண்டும். மதியம் தோட்டக்காரர் பறித்துக் கொடுக்கிற மாங்காயைக் கீறவும் ஏதாவது வேண்டும். 2016 வரைக்கும் எல்லாவற்றுக்கும் பேப்பர் கட்டர்தான். ஒரு நாள் குழாயை அழுத்தி வெட்டும்போது அதன் பிளேடு ஒடிந்து இடது கட்டைவிரலில் இறங்கியது. நாலு தையல். அன்று ராத்திரி வலியில் படுத்திருந்தபோதுதான் அப்பத்தாவின் வெற்றிலைப் பெட்டியில் கிடக்கும் தாத்தாவின் பேனாக்கத்தி ஞாபகத்துக்கு வந்தது.

அதில் தொடங்கி இன்றைக்குப் பதினான்கு மடக்குக் கத்திகள் சேர்ந்துவிட்டன. எதுவும் இரண்டாயிரம் ரூபாயைத் தாண்டாது. பெரும்பாலானவை என்னோடு தோட்டத்துக்கு வந்து மண்ணும் மாங்காய்ப் பாலும் பட்டவை. இத்தனை வருடம் புழங்கியதில் எது எப்படி உழைத்தது என்பதை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

முதலில் தாத்தா கத்தி. பித்தளைப் பிடி, மூன்று அங்குலத்துக்கும் குறைவான அலகு. தீட்டித் தீட்டி வேப்பிலை மாதிரி ஒல்லியாகிவிட்டது. கம்பெனி முத்திரை எதுவும் கிடையாது. தாத்தா அதில் வெற்றிலைக் காம்பு நறுக்குவார், புகையிலை அரிவார், எனக்குப் பென்சில் சீவிக் கொடுப்பார். பிடியின் முதுகில் ஒரு பட்டை வில் இருக்கும். அந்த வில்லின் அழுத்தம்தான் அலகைத் திறந்த நிலையிலும் மடங்கிய நிலையிலும் பிடித்து வைக்கிறது. பூட்டு என்று எதுவும் இல்லை. இந்த வகையை ஸ்லிப்ஜாயிண்ட் என்பார்கள். மடக்கும்போது 'டக்' என்று கனமாகச் சத்தம் வந்தால் வில் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். முனையால் குத்தினாலோ நெம்பினாலோ அலகு மடங்கி விரலில் விழும். இழுத்து அறுக்கிற வேலைக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டால் இதைப் போலச் சுகமான கத்தி இல்லை.

மடக்குக் கத்தி என்றாலே வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்தது என்று சிலர் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஓலையில் எழுதிய காலத்திலேயே இங்கே மடக்கெழுத்தாணி என்று ஒன்று இருந்தது. ஒரு முனையில் எழுத்தாணி, இன்னொரு முனையில் ஓலையைச் சீவுகிற கத்தி, இரண்டும் பிடிக்குள் மடங்கிக்கொள்ளும். தாத்தாவின் பேனாக்கத்தியை அதன் பேரப்பிள்ளை என்றே நான் நினைத்துக்கொள்வேன்.

தாத்தா கத்தியைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய்த் தொலைத்துவிடுவேனோ என்ற பயத்தில் வாங்கியதுதான் ஒப்பினெல் 8-ஆம் நம்பர். பிரான்சில் சவோய் மலைப்பகுதியில் 1890-இல் ஜோசப் ஒப்பினெல் என்பவர் குடியானவர்களுக்காகச் செய்யத் தொடங்கிய கத்தி. பீச் மரப் பிடி, 8.5 செ.மீ. அலகு. கழுத்தில் திருகுகிற ஒரு வளையம். அதைத் திருகினால் அலகு பூட்டிக்கொள்ளும். அந்த வளையம் 1955-இல் சேர்த்தது. 2000-க்குப் பிறகு வந்தவற்றில் மடக்கிய நிலையிலும் பூட்டலாம். பைக்கில் போகிறவனுக்கு அது பெரிய நிம்மதி. நான் வாங்கியபோது ஆயிரத்து நானூறு ரூபாய் ஆனது.

இதன் அருமை அலகின் மெலிவில் இருக்கிறது. தடிமன் இரண்டு மி.மீ.கூட வராது. தடித்த அலகால் லேட்டரல் குழாயை வெட்டினால் குழாய் நசுங்கி வாய் கோணிக்கொள்ளும், இணைப்பைச் செருகினால் கசியும். மெல்லிய அலகு ஒரே இழுப்பில் வட்டமாக இறங்கும். கனமான கத்திதான் உழைக்கும் என்று நானும் முதலில் நம்பினேன். ஒரு நாளைக்கு இருநூறு வெட்டு வெட்டிய பிறகு மணிக்கட்டு வேறு கணக்குச் சொன்னது.

நான் வாங்கியது கார்பன் ஸ்டீல். ஸ்டெயின்லெஸிலும் வருகிறது, ஆனால் கார்பன் சீக்கிரம் கூராகும், நுணுக்கமாகவும் கூராகும். பதிலுக்கு அது கவனிப்பு கேட்கும். முதல் சித்திரையில் அழகர்கோவில் பக்கம் ஒரு மாந்தோப்பில் வேலை. மாங்காய் அறுத்துவிட்டுத் துடைக்காமல் மடக்கிப் பையில் போட்டுக்கொண்டேன். மறுநாள் திறந்தால் அலகெல்லாம் கறுப்புத் திட்டு, நடுவில் செந்துரு. பதறிப்போய் அப்பத்தாவிடம் காட்டினேன். அப்பத்தா தன் அருவாமனையைத் திருப்பிக் காட்டியது. அதுவும் அதே கறுப்பு. "புளிப்பு அறுத்தா உடனே தொடைக்கணும்டா. கறுப்பு இருந்துட்டுப் போகட்டும், செவப்ப மட்டும் தேய்ச்சு எடு" என்றது.

அவ்வளவுதான் விஷயம். செந்துரு இரும்பைத் தின்னும். கறுப்போ மெல்லிய படலமாகப் படிந்து துருவைத் தாமதப்படுத்தும். பிறகு நானே வேண்டுமென்று அலகைப் பச்சை மாங்காயில் அரை மணி நேரம் குத்தி வைத்துக் கழுவினேன், நீலமும் சாம்பலுமாக அழகாக ஏறியது. துடைக்கிற பழக்கமும் ஒட்டிக்கொண்டது. எட்டு வருடமாக அந்தக் கத்தியில் துரு பார்க்கவில்லை. எங்கள் வீட்டு அருவாமனைக்குச் செய்கிற மரியாதையை இந்தச் சின்னக் கத்திக்கும் செய்தால் போதும் என்று அன்றைக்குப் புரிந்தது.

எண்ணெய் விஷயத்தில் ஒரு தப்பு செய்தேன். தேங்காய் எண்ணெய் பூசிப் பூசி, அலகு மடங்குகிற ஆணியின் இடுக்கில் பிசுக்குச் சேர்ந்து, நாற்றமும் வந்துவிட்டது. இப்போது மெடிக்கலில் விற்கும் லிக்விட் பாரஃபின்தான். மலச்சிக்கலுக்குக் கொடுக்கிற அதே திரவம். கெட்டுப்போகாது, பழம் அறுக்கிற அலகிலும் தைரியமாகப் பூசலாம். சின்னப் பாட்டில் ஒன்று வருடக்கணக்கில் வருகிறது.

ஐப்பசி மழைக்கு மரப்பிடி ஈரம் குடித்து உப்பும். அலகு பிடிக்குள் இறுகிக்கொண்டு நகத்தால் திறக்க வராது. மரம் என்றால் அப்படித்தான். சவோய்க்காரர்கள் பிடியின் அடிப்பக்கத்தை மேஜையில் ஒரு தட்டு தட்டுவார்களாம், அலகு கொஞ்சம் வெளியே வரும். நான் மோட்டார் ரூம் திண்ணையில் தட்டுகிறேன், அதே பலன். நிரந்தரமாகச் சரிசெய்ய, பங்குனி வெயிலில் பிடியை நன்றாகக் காயவிட்டு, இடுக்கை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, பெயின்ட் கடையில் கிடைக்கும் லின்சீட் ஆயிலை மூன்று நாள் மூன்று பூச்சு ஏற்றினேன். அடுத்த மழைக்குப் பாதி இறுக்கம் குறைந்துவிட்டது.

கூர் தீட்டுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கத்தி கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். இரண்டாவது வருடம் சோம்பேறித்தனத்தில் ஒப்பினெல்லை மோட்டார் சாணை வைத்திருந்த ஒருவரிடம் கொடுத்தேன். பொறி பறக்கப் பிடித்துக் கொடுத்தார். முனைப்பக்கம் நீலம் பாரித்திருந்தது. கூராகத்தான் இருந்தது, ஆனால் இரண்டு நாளில் அந்த இடம் மட்டும் மழுங்கிப்போனது. மறுபடி தீட்டினாலும் அப்படியே.

திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பேர்போன ஊர். மதுரையிலிருந்து ராமேஸ்வரம் ரோட்டில் மானாமதுரைக்கு முன்னால் வரும். அங்கே ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். லாரியின் பட்டை வில்லைக் காய்ச்சி அடித்துக்கொண்டிருந்த பெரியவர் கத்தியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "சூடேறிப்போச்சு தம்பி. நீலம் வந்த எடத்துல பதம் போயிருச்சு. அத முழுசா தேய்ச்சு எடுத்துட்டா உள்ள நல்ல இரும்பு இருக்கு. தண்ணி விட்டுத் தேய்ங்க, அவசரப்படாதீங்க" என்றார். காசு வாங்க மறுத்துவிட்டார். காய்ச்சித் தோய்த்த கத்தியை மறுபடி மிதமாகச் சூடேற்றித்தான் பதம் கொடுப்பார்கள். வைக்கோல் நிறத்தில் நிறுத்தினால் கடினம் நிற்கும், நீலம் வரை போனால் மென்மையாகிவிடும். மெல்லிய அலகு மோட்டார் கல்லில் ஒரு நொடியில் நீலத்தைத் தாண்டிவிடும். இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஈரக்கல்லில் தேய்த்து முனையை மூன்று மி.மீ. குட்டையாக்கினேன். இப்போது நன்றாக நிற்கிறது.

அதற்குப் பிறகு யாரிடமும் கொடுப்பதில்லை. கண்ணாடித் துண்டின் மேல் 1000 நம்பர் வாட்டர் பேப்பரை, ஈரத்தில் தேய்க்கிற உப்புத்தாள் அது, நனைத்து ஒட்டிக்கொள்வேன். இரண்டு செ.மீ. அகல அலகுக்கு முதுகுப்பக்கம் அரை செ.மீ.க்குக் கொஞ்சம் மேலே தூக்கினால் சரியான சாய்வு கிடைக்கும். என் சுண்டுவிரல் நுனி நுழைகிற உயரம் அது. இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி, எதிர்ப்பக்கம் நகத்தில் பிசிறு தட்டும்வரை. பிறகு 2000, கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் பின்னோக்கி இருபது இழுப்பு. தோட்டத்தில் இருக்கும்போது பீங்கான் கப்பைக் கவிழ்த்தால் அடியில் பளபளப்பில்லாத வளையம் இருக்கும், அதில் நாலு தேய் தேய்த்தாலே போதும். பழுத்த தக்காளியை அழுத்தாமல் இழுத்தால் தோல் பிளக்க வேண்டும். அதுதான் என் பரீட்சை.

இன்னொரு பாடம் உரத்திடம் கற்றது. பொட்டாஷ் சாக்கைக் கிழித்த கத்தியை அப்படியே வைத்தால் ஒரே நாளில் அரித்துவிடும், பித்தளையில் பச்சைக் களிம்பு பூக்கும். அதைவிட முக்கியம், அதே கத்தியால் கொய்யா அறுத்துச் சாப்பிடக் கூடாது. அதனால் இரண்டு கத்தி. வேலைக்கு ஒப்பினெல் இடுப்புப் பையில், சாப்பாட்டுக்குச் சின்னது ஒன்று சட்டைப் பையில்.

அந்தச் சின்னது விக்டோரினாக்ஸ் கிளாசிக். 58 மி.மீ. நீளம், சாவிக்கொத்து அளவு. சுவிட்சர்லாந்தில் கார்ல் எல்ஸனர் 1884-இல் தொடங்கிய பட்டறை அது. 1909-இல் இறந்த தன் அம்மா விக்டோரியாவின் பெயரை வைத்து, பிறகு துருப்பிடிக்காத எஃகைக் குறிக்கும் ஐநாக்ஸையும் சேர்த்துக்கொண்டார்கள். இதில் என்னைக் கவர்ந்தது கத்தியைவிடக் கத்தரிக்கோல். பரோட்டா பார்சல் நூலிலிருந்து மருந்து அட்டைவரை அதுதான். வேர்வையில் ஊறினாலும் துரு இல்லை. ஆனால் முதல் தடவை ஆன்லைனில் ஒரு கடையில் வாங்கியது போலி; வில் ஒரு மாதத்தில் ஒடிந்தது, பணமும் திரும்பவில்லை. விலை நம்ப முடியாத அளவு குறைவாக இருந்தால் வாங்காதீர்கள்.

ஜப்பானின் ஹிகோனோகாமி ஒன்று இருக்கிறது. ஒரே பித்தளைத் தகட்டை மடித்துச் செய்த பிடி. வில் இல்லை, பூட்டும் இல்லை. அலகின் வாலில் நீட்டியிருக்கும் சின்னக் காதைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். அந்த ஊர்ப் பள்ளிப்பிள்ளைகள் ஒரு காலத்தில் பென்சில் சீவப் பையில் வைத்திருந்த கத்தி இது. வைத்திருப்பதில் அதிகக் கூர் ஏறுவது இதுதான். தோட்டத்துக்கு ஒத்துவராது, ஈரக்கையில் வழுக்கும். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் மாம்பழம் நறுக்க இதைத்தான் எடுப்பேன்.

மீதியில் பாதி சந்தையிலும் திருவிழாக் கடையிலும் எண்பது, நூறு ரூபாய்க்கு வாங்கியவை. இவற்றை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். வாங்கும்போது மூன்று பார்க்க வேண்டும்: திறந்து பக்கவாட்டில் ஆட்டினால் ஆடக் கூடாது, மடக்கினால் கூர்ப்பக்கம் வில்லில் இடிக்கக் கூடாது, ஆணித்தலை பிடியோடு சமமாக அடித்திருக்க வேண்டும். இது மூன்றும் சரி என்றால் இரும்பு சுமாராக இருந்தாலும் தீட்டித் தீட்டி ஓட்டலாம். ஐந்தில் இரண்டு தேறின. அதில் ஒன்று மல்லிகைக் கவாத்து நேரத்தில் ஒரு தோட்டக்காரர் கேட்டு வாங்கிக்கொண்டு போனதுதான், இன்னும் அவரிடம் இருக்கிறது. கத்தியைச் சும்மா கொடுத்தால் உறவு அறுந்துபோகும் என்பார்கள், அதனால் ஒரு ரூபாய் வாங்கிக்கொண்டேன்.

நம்ம ஊரில் கத்தி என்றதும் முகம் மாறுகிறவர்கள் உண்டு, அதில் தப்பும் இல்லை. நான் பட்டன் கத்தி வாங்கியதே கிடையாது. ஆயுத விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள், வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் செய்தவை தவிர, உரிமம் கேட்கும் வகையில் வருகின்றன. என்னுடையதெல்லாம் அதில் பாதி நீளம்கூட இல்லை. இருந்தாலும் மீனாட்சி கோயிலுக்கோ சித்திரைத் திருவிழாக் கூட்டத்துக்கோ போகிற நாளில் கத்தி வீட்டில்தான். விமானம் என்றால் செக்-இன் பெட்டியில். யாராவது கேட்டால் மடக்கித் தரையிலோ மேஜையிலோ வைப்பேன், அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். கைக்குக் கை கொடுப்பதில்லை. அப்பத்தா பழக்கியது அது.

புதிதாக ஒருவர் கேட்டால், மழையிலும் வேர்வையிலும் வேலை என்றால் ஒப்பினெல்லில் ஸ்டெயின்லெஸ் வாங்கச் சொல்வேன். துடைக்கிற பொறுமை இருந்தால் கார்பன். சட்டைப் பைக்கு மட்டும் என்றால் 8-ஆம் நம்பர் பெரிசு, 7 செ.மீ. அலகுள்ள 6-ஆம் நம்பர் போதும்.

தாத்தா கத்தியின் ஆணி இந்த வருடம் லேசாக ஆட ஆரம்பித்திருக்கிறது. தீபாவளி முடிந்ததும் திருப்பாச்சேத்திக்குக் கொண்டுபோய் அந்தப் பெரியவரிடம் ஆணியை இறுக்கித் தரச் சொல்ல வேண்டும். இந்தத் தடவை காசு வாங்காமல் விடமாட்டார் என்று நினைக்கிறேன். வெற்றிலையும் கொஞ்சம் வாங்கிக்கொண்டு போகிறேன்.