வண்டி தீப்பிடித்துக் காயம்: காப்பீடா, கம்பெனி மீது வழக்கா, கூட்டு வழக்கா?

ஓடும் வண்டியோ நிறுத்தி வைத்த வண்டியோ, பாகம் ஒன்றின் குறையால் தீப்பிடித்து ஒருவர் காயப்பட்டால், அவருக்குப் பொதுவாக நான்கு வழிகள் உண்டு. காப்பீட்டில் கோரலாம். தயாரிப்பாளர் மீது பொருள் குறைபாட்டு வழக்குப் போடலாம். கவனக்குறைவு என்று வழக்காடலாம். அதே மாடலை வாங்கிய மற்றவர்களோடு சேர்ந்து கூட்டு வழக்கில் நுழையலாம். வாரண்டி என்று ஐந்தாவதும் இருக்கிறது. ஆனால் அது பாகத்தை மாற்றித் தரவும், மிஞ்சிப்போனால் வண்டியின் விலையை மீட்கவும் உதவும். தீக்காயத்துக்கு அதை நம்பி உட்கார வேண்டாம்.

இவற்றில் எது அதிகப் பணம் தரும் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். எதை நிரூபிக்க வேண்டியிருக்கும் என்று கேட்பதுதான் சரி. வழிகள் ஒன்றுக்கொன்று மாறுபடுவது அங்கேதான்.

காப்பீட்டில் நிரூபிக்க வேண்டியது மிகக் குறைவு. யார் தவறு என்ற கேள்வியே இல்லாமல் பணம் தரும் ஏற்பாடு பல நாடுகளில் இருக்கிறது. இந்தியாவின் மோட்டார் வாகனச் சட்டம் 164ஆவது பிரிவில் மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாய் என்று வைத்திருக்கிறது. தீ விபத்து இதில் அடங்குமா என்ற சந்தேகம் வேண்டாம். நெடுஞ்சாலையில் கவிழ்ந்து கிடந்த பெட்ரோல் டேங்கர் சில மணி நேரம் கழித்து வெடித்த வழக்கில், அதுவும் ‘வாகனப் பயன்பாட்டால்’ நேர்ந்ததுதான் என்று உச்ச நீதிமன்றம் 1991இல் சொல்லிவிட்டது.

ஆனால் இந்த வழியில் இரண்டு பொறிகள் உண்டு. 164இன்படி சமரசமாகத் தரும் தொகையை ஏற்றுக்கொண்டால் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் போட்ட மனு காலாவதியாகிவிடும். அப்புறம், வண்டியின் சொந்தக்காரரே காயப்பட்டிருந்தால் அவர் இந்தக் காப்பீடு ஈடுகட்டும் ‘மூன்றாம் நபர்’, அதாவது வெளியாள், ஆக மாட்டார். தனிநபர் விபத்துக் காப்பீடு இருந்தால்தான் உண்டு. தீக்காய சிகிச்சை ஆஸ்பத்திரியை விட்டு வந்ததோடு முடிவதும் இல்லை. தோல் ஒட்டு அறுவை, இறுகிப்போன தழும்பைத் தளர்த்த மறுபடி அறுவை, மாதக்கணக்கில் அழுத்த உடை என்று நீண்டுகொண்டே போகும். குழந்தைக்குக் காயம் என்றால் உடம்பு வளர வளர அறுவையும் தொடரும். ‘முழுமையான, இறுதியான தீர்வு’ என்று எழுதிய ரசீதில் முதல் மாதமே கையெழுத்துப் போடுவதைப் போன்ற நஷ்டம் வேறில்லை.

கடுமையான காயத்துக்கு என் ஓட்டு பொருள் குறைபாட்டு வழக்குக்குத்தான். கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1963இலும், ஐரோப்பா 1985இன் நெறிமுறையிலும் (உறுப்பு நாடுகள் தங்கள் சட்டத்தில் கொண்டுவர வேண்டிய பொது விதி) ஏற்றுக்கொண்ட கொள்கை இது: கம்பெனி எவ்வளவு கவனமாக இருந்தது என்பது கேள்வி இல்லை. பொருளில் குறை இருந்தது, காயம் நேர்ந்தது, அந்தக் குறையால்தான் நேர்ந்தது என்ற மூன்றைக் காட்டினால் போதும். இந்தியாவில் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதற்கென்று தனி அத்தியாயமே வைத்திருக்கிறது. உற்பத்திப் பிழை, வடிவமைப்புப் பிழை, எச்சரிக்கை போதாமை என்று எந்தப் பக்கத்திலிருந்தும் நுழையலாம்.

சிக்கல் அந்த மூன்றில் கடைசியில்தான், குறையால்தான் காயம் நேர்ந்தது என்று காட்டுவதில்தான். தீ தன் சாட்சியைத் தானே தின்றுவிடுகிறது. கருகிய ஒயரில் செம்பு உருகிச் சிறு மணியாகத் திரண்டிருக்கும். மின்கசிவால் அந்த மணி உண்டாகித் தீ பிறந்ததா, வேறெங்கோ பிறந்த தீ ஒயரை எட்டியதால் மணி உண்டானதா? இரு தரப்பு நிபுணர்களும் இதன்மேல்தான் மோதிக்கொள்வார்கள். கம்பெனி தரப்பின் முதல் கேள்வி எதுவென்று யூகிக்கச் சிரமமில்லை: வெளியில் போட்ட ஹார்ன், கூடுதல் விளக்கு, மியூசிக் சிஸ்டம், கம்பெனி தராத சார்ஜர் ஏதாவது உண்டா? மின்வாகனம் என்றால் பேட்டரியின் தரவுப் பதிவுகள் பெரும்பாலும் கம்பெனியின் கையில். ஐரோப்பாவின் 2024ஆம் ஆண்டு நெறிமுறை இந்த இடத்தைத்தான் சரியாகத் தொடுகிறது. நீதிமன்றம் கேட்ட சான்றைக் கம்பெனி தராவிட்டால், பொருளில் குறை இருந்ததாகவே அனுமானிக்கலாம். 2026 டிசம்பர் 9க்குப் பிறகு சந்தைக்கு வரும் பொருள்களுக்கு இது பொருந்தும்.

அதனால் எந்த வழியில் போனாலும் எரிந்த வண்டியை விடக்கூடாது. பலர் சறுக்குவது இங்கேதான். சேதத்தைக் கணக்கிடும் காப்பீட்டு சர்வேயர் பார்த்துவிட்டுப் போவார், காப்பீட்டுப் பணம் வரும், எலும்புக்கூடு பழைய இரும்புக்குப் போய்விடும். பிறகு எந்த வக்கீலாலும் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. வண்டியைப் பிரிக்காமல் வைத்திருக்கும்படி காப்பீட்டு நிறுவனத்துக்கும் டீலருக்கும் எழுத்தில் கொடுங்கள். ‘இலவசமாகச் சோதித்துத் தருகிறோம்’ என்று கம்பெனி ஆள் வந்தால், உங்கள் நிபுணர் பக்கத்தில் இல்லாமல் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற விடாதீர்கள்.

கவனக்குறைவு வழக்கில் சுமை கூடுதல். கம்பெனிக்குத் தெரிந்திருந்தது, அல்லது தெரிந்திருக்க வேண்டும் என்று காட்டியாக வேண்டும். பிறகு ஏன் இதைத் தொடுகிறார்கள்? கம்பெனிக்குள்ளே இருக்கும் காகிதங்களுக்காக. அமெரிக்காவின் போர்ட் பின்டோ கார் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1972இல் சாலையில் நின்றுபோன அந்தக் காரைப் பின்னாலிருந்து இன்னொரு கார் இடித்ததில் தீப்பற்றி 13 வயதுச் சிறுவன் படுகாயமடைந்தான். எரிபொருள் டேங்கின் பலவீனம் கம்பெனியின் சொந்தச் சோதனைகளிலேயே தெரியவந்திருந்தது அம்பலமாக, ஜூரி 12.5 கோடி டாலர் தண்டனை இழப்பீடு விதித்தது. நீதிபதி அதை 35 லட்சமாகக் குறைத்தார். 1981இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. இப்படித் தண்டனையாகப் பெருந்தொகை விதிக்கும் வழக்கம் எல்லா நாட்டிலும் இல்லை. அமெரிக்கத் தலைப்புச் செய்தியைப் பார்த்துவிட்டுக் கணக்குப் போடக்கூடாது.

இந்த வழி கட்டாயமாகும் இடங்களும் உண்டு. சிங்கப்பூரில் பொருள் குறைபாட்டுக்குத் தனிப் பொறுப்புச் சட்டம் இல்லை, கவனக்குறைவுதான் முக்கிய வழி. பக்கத்து மலேசியாவில் 1999ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது. பிரிட்டனில் பொருள் குறைபாட்டு உரிமை, பொருள் புழக்கத்துக்கு வந்து 10 ஆண்டில் அற்றுப்போகும். பழைய கார் எரிந்தால் அங்கேயும் கவனக்குறைவுதான் கைகொடுக்கும். இரண்டும் திறந்திருக்கும் நாட்டில் கெட்டிக்கார வக்கீல் இரண்டையும் ஒரே மனுவில் போட்டுவிடுவார்.

கூட்டு வழக்கு காயம்பட்டவருக்குப் பெரும்பாலும் பொருந்தாது. செவர்லே போல்ட் மின்காரின் பேட்டரிக் குறையால், அதுவரை விற்ற கார்கள் அனைத்தும் 2021இல் திரும்ப அழைக்கப்பட்டன. வீட்டுக்கு வெளியே நிறுத்துங்கள், இரவெல்லாம் சார்ஜில் விடாதீர்கள் என்று கம்பெனியே சொல்லியிருந்தது. பிறகு வந்த 15 கோடி டாலர் சமரசம், வாங்கிய காரை முழுதாகப் பயன்படுத்த முடியாமல் போன நஷ்டத்துக்கானது. எல்லோருக்கும் ஒரே நஷ்டம் என்றால் கூட்டு வழக்கு அழகாக வேலை செய்யும். ஒருவருக்குக் கை, இன்னொருவருக்கு முகம் என்றால் செய்யாது. உங்கள் மாடலுக்கு இப்படிச் சமரச அறிவிப்பு வந்தால், காயத்துக்கான உரிமையையும் விட்டுக்கொடுக்கச் சொல்கிறதா, விலகிக்கொள்ளக் கடைசி நாள் எது என்று பாருங்கள்.

வண்டியைத் திரும்ப அழைத்துவிட்டார்கள், இனி வழக்கு ஜெயித்த மாதிரிதான் என்று நினைப்பவர்கள் உண்டு. அது துணைச் சான்று, அவ்வளவே. அறிவிப்பு வந்தும் பழுது பார்க்காமல் ஓட்டியிருந்தால் அதையே உங்கள்மேல் திருப்புவார்கள்.

யார்மேல் போடுவது? பாகம் செய்தவர், வண்டி செய்தவர், விற்றவர் என்று சட்டம் அனுமதிக்கும் எல்லோர்மேலும். ஏர்பேக் செய்த தகாடா 2017இல் திவாலானதை நினைத்தால், பாகக் கம்பெனியை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பதன் ஆபத்து புரியும். காலக்கெடுவும் நாட்டுக்கு நாடு மாறும். இந்திய நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டு, பிரிட்டனில் காயத்துக்கு 3 ஆண்டு.

செலவில் பெருந்தொகை நிபுணருக்குத்தான் போகும். அமெரிக்காவில் வரும் இழப்பீட்டில் ஒரு பங்கைக் கூலியாகப் பேசிக்கொண்டு வக்கீல்கள் வருவார்கள். இந்தியாவில் அப்படிப் பங்கு பேசத் தடை. எங்கே என்றாலும், தீ ஆய்வாளரின் கட்டணத்தை முன்பணமாக யார் கட்டுவது, தோற்றால் அது யார் தலையில் என்பதை வக்கீலிடம் முதல் சந்திப்பிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.