ஸ்டீவியா பொட்டலம்: எதை வாங்கலாம்?

கம்பத்திலிருந்து மலையேறிக் குமுளி வரை, கடைகளில் சீனிக்கு மாற்றான ‘ஸ்டீவியா’ என்று கேட்டால் வேறுவேறு சரக்கைத் தருகிறார்கள்: சீனித்துளசி இலைத்தூள், ரெப்-ஏ சாஷே, விலை கூடிய ரெப்-எம். ரெப்-ஏ, ரெப்-எம் (ரெபாடியோசைடு ஏ, எம்) இரண்டும் அந்த இலையில் உள்ள இனிப்புப் பொருள்கள்.

இலைத்தூள் வேண்டாம், டீ பச்சிலைக் கஷாயமாகிவிடும்.

ரெப்-ஏ சாஷே ஒரு கிராம் இருந்தாலும், இரண்டு ஸ்பூன் சீனிக்கு ஈடான இனிப்புக்கு அதில் 40 மில்லிகிராம் ரெப்-ஏ போதும். மிச்சமெல்லாம் இட்டுநிரப்பும் பொடி; அது டெக்ஸ்ட்ரோஸா (குளுக்கோஸ்தான்), இரத்தச் சர்க்கரையை ஏற்றாத எரித்ரிட்டாலா என்பதைச் சர்க்கரை நோய்க்காரர்கள் பார்த்து வாங்க வேண்டும். இனிப்பு சற்றுத் தாமதமாக ஏறும். விழுங்கியபின் அதிமதுரம் மென்றதுபோல ஒரு கசப்பு நாக்கில் தங்கும். ஏலக்காய் டீயில் பால் அதை மூடிவிடும், பாலில்லாத கட்டன்சாயாவில் தப்பிக்க வழியில்லை.

ரெப்-எம்மில் அந்தக் கசப்பு மிகக் குறைவு. காரணம் குளுக்கோஸ் எண்ணிக்கை. ஸ்டீவியால் என்ற ஒரே மூலக்கூறில் ரெப்-ஏவுக்கு 4 குளுக்கோஸ், ரெப்-எம்முக்கு 6. இலையில் ரெப்-எம் துளிதான் இருக்கிறது. அதனால் ரெப்-ஏவை எடுத்து, நெல்லிலிருந்து வந்த ஒரு நொதியால் ஐந்தாவது குளுக்கோஸை ஒட்டி ரெப்-டி ஆக்குகிறார்கள். சீனித்துளசியின் சொந்த நொதியான யுஜிடி76ஜி1 ஆறாவதை ஒட்டுகிறது. குளுக்கோஸைச் சுமந்து வருவது யுடிபி-குளுக்கோஸ், விலை அதிகம். இறக்கிவிட்டு மிஞ்சும் யுடிபி சேர்ந்துபோனால் நொதியின் வேலை மந்தமாகிறது. சுக்ரோஸ் சிந்தேஸ் என்ற இன்னொரு நொதியைக் கூடச் சேர்த்தால், அது சீனியை உடைத்து அந்த யுடிபியிலேயே மறுபடி குளுக்கோஸை ஏற்றிவிடும். சீனிக்கு மாற்று செய்யவும் சீனிதான் வேண்டியிருக்கிறது!

குறையும் உண்டு. ரெப்-எம் குளிர்ந்த நீரில் சட்டென்று கரையாது. குலுக்கி சர்பத்தில் நேராகப் போட்டால் அடியில் தங்கும். ஒரு ஸ்பூன் வெந்நீரில் கரைத்துவிட்டு ஊற்றுங்கள். பாகு காய்ச்சவும் உதவாது. மில்லிகிராம் கணக்கில் போடுவதில் கம்பிப் பதம் எங்கிருந்து வரும்? அதிரசத்துக்கு வெல்லம்தான்.

அளவு பற்றிப் பயம் தேவையில்லை. உடல் எடை கிலோவுக்கு ஸ்டீவியால் கணக்கில் 4 மில்லிகிராம் என்பது தினசரி வரம்பு. ரெப்-ஏவின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான் ஸ்டீவியால் என்பதால், 60 கிலோ ஆளுக்கு அது 700 மில்லிகிராம் ரெப்-ஏவுக்கு மேல் வரும், பதினைந்து டீக்குக் குறையாது.

அட்டையில் சேர்பொருள் எண் 960சி என்றிருந்தால் நொதி வைத்துச் செய்தது, 960ஏ என்றால் இலைச்சாறு. கட்டன்சாயா குடிப்பவர்கள் முன்னதை வாங்கலாம், பால் டீக்கு ரெப்-ஏவே போதும்.