ஜெர்மனியில் அறை பிடித்துத் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், கீழக்கரைப் பக்கங்களிலிருந்து பிள்ளைகளை ஜெர்மனிக்குப் படிக்க அனுப்பவிருக்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். இராமநாதபுரத்திலுள்ள ஒரு வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை அலுவலகம், மாக்டெபர்க் நகரில் முதுநிலைப் படிப்பில் சேர்ந்த என் தங்கைக்கு அறை ஏற்பாடு செய்வதாகக் கூறி, ஆறு மாத வாடகைக்கு ஈடான பாதுகாப்புத் தொகை என்று ஏறக்குறைய இரண்டு லட்சம் ரூபாயை வாங்கிக்கொண்டது. அப்படி ஓர் அறையே அங்கு இல்லை.

பணம் கேட்டது ஆகஸ்ட் மாதத்தில். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து, டீசலுக்கும் வலைக்கும் கடன் வாங்கி அப்பா தொழிலுக்குப் போகத் தொடங்கியிருந்த நேரம் அது. விசாவுக்காக பிளாக்டு அக்கவுன்ட்டில் (செலவுப் பணத்தை முன்கூட்டியே மொத்தமாகக் கட்டி, மாதத்துக்கு ஒரு பகுதியாக மட்டும் எடுக்கக்கூடிய கணக்கு) 11,904 யூரோ கட்டுவதற்கே வீட்டுப் பத்திரம் வங்கிக்குப் போயிருந்தது. "அக்டோபரில் செமஸ்டர் தொடங்கினால் அறை கிடைக்காது, இன்றைக்கே போட்டுவிடுங்கள் அம்மா" என்று அலுவலகத்திலிருந்து ஓயாமல் போன் வந்ததால், அம்மா தம் கழுத்துச் சங்கிலியைக் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்துக் கொடுத்தார். அவர்கள் தந்த ஒப்பந்தத்தில் தெருப் பெயரும் கட்டட எண்ணும் உரிமையாளர் என்று ஒரு பெண்ணின் பெயரும் இருந்தன.

அந்த நாட்டு அடுக்குமாடிக் கட்டடங்களில், குடியிருப்பவர்களின் குடும்பப் பெயர்கள் வாசலிலுள்ள அழைப்புமணிப் பலகையில் வரிசையாக ஒட்டப்பட்டிருக்கும். தங்கை பெட்டிகளோடு நின்று அந்தப் பலகையை மேலிருந்து கீழ்வரை திரும்பத் திரும்பப் படித்திருக்கிறாள். ஒப்பந்தத்திலிருந்த பெயர் அதில் இல்லை. கதவைத் திறந்து வெளியே வந்த மூதாட்டி ஒருவர், அப்படி யாரும் இங்கே இல்லை, இந்தக் கட்டடத்தில் மாணவர்களுக்கு அறை விடுவதும் இல்லை என்று சொல்லியிருக்கிறார்.

பணம் போனதைவிடப் பெரிய சிக்கல் அதன் பிறகுதான் வந்தது. ஜெர்மனியில் ஒரு வீட்டில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீடு தருபவர் கையொப்பமிட்ட படிவம் கட்டாயம். தமிழ் மாணவிகள் இருவர் தங்கள் அறையில் அவளுக்குப் பாய் போட்டு இடம் கொடுத்தார்கள், அந்த நன்றியை நாங்கள் மறக்க மாட்டோம்; ஆனால் அவர்களுடைய வீட்டு உரிமையாளர் மூன்றாவது ஆளுக்குப் படிவம் தர மறுத்துவிட்டார். முகவரிப் பதிவு இல்லாததால் அவள் அணுகிய வங்கி நடப்புக் கணக்கைத் தொடங்கித் தரவில்லை. அந்தக் கணக்கு இல்லாமல் பிளாக்டு அக்கவுன்ட்டிலிருந்து மாதந்தோறும் வர வேண்டிய 992 யூரோவும் வரவில்லை. தன் பணம் தன் பெயரிலேயே இருக்க, ரொட்டி வாங்கக் கடன் கேட்கும் நிலையில் என் தங்கை நின்றதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஆறவில்லை.

ஜெர்மன் சட்டப்படி, வெப்பமூட்டல் போன்ற செலவுகள் சேராத அடிப்படை வாடகையில் மூன்று மாதத் தொகைக்கு மேல் எந்த உரிமையாளரும் பாதுகாப்புத் தொகை கேட்க முடியாது. அதையும் மாதத்துக்கு ஒன்றாக மூன்று தவணைகளில் செலுத்தலாம். முதல் தவணையே வாடகைக் காலம் தொடங்கும்போதுதான். எனவே, ஊரிலிருக்கும்போதே ஆறு மாதத் தொகையை மொத்தமாகக் கேட்பவரிடம் அதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை. மாணவர் விடுதிகளை நடத்தும் ஷ்டுடீரெண்டென்வெர்க் அமைப்புக்கு மாணவரே இணையத்தில் நேரடியாக விண்ணப்பிக்கலாம், இடைத்தரகர் தேவையில்லை. காத்திருப்போர் பட்டியல் நீளமானது என்பதால், சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே விண்ணப்பித்துவிடுங்கள். தங்கைக்கு இறுதியில் அப்படித்தான் இடம் கிடைத்தது. முகவரிப் படிவத்தையும் விடுதியே கொடுத்தது.

நான் நேரில் போய்க் கேட்டபோது, அந்த அலுவலகத்தினர் ரசீதை எடுத்துக் காட்டினார்கள். அதில் 'சேவைக் கட்டணம், திருப்பித் தரப்பட மாட்டாது' என்று அச்சிட்டிருந்தது. அறை, வாடகை, பாதுகாப்புத் தொகை என்ற எந்தச் சொல்லும் இல்லை. எதற்காகப் பணம் கொடுக்கிறீர்களோ அதை ரசீதில் எழுதச் சொல்லுங்கள், எழுத மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

மாவட்டக் குற்றப்பிரிவில் புகார் கொடுத்திருக்கிறோம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனு அளிக்கிறோம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அங்கே மனுக் கட்டணம் கிடையாது. பாதிப்பு நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். இதே முறையில் வேறு யாரேனும் பணம் கொடுத்திருந்தால், ரசீது, வங்கிப் பரிமாற்ற விவரம், வாட்ஸ்அப் உரையாடல் ஆகியவற்றை அழிக்காமல் வைத்துக்கொண்டு, காலம் கடத்தாமல் நீங்களும் புகார் கொடுங்கள்.