மூன்றடுக்குத் தட்டில் பிற்பகல் தேநீர்: கிருஷ்ணகிரியில் ஓர் உணவகம்

சென்னையிலிருந்தும் சேலத்திலிருந்தும் பெங்களூருக்குச் செல்லும் சாலைகள் கூடும் கிருஷ்ணகிரியில், டீ என்பது பாய்லர் அருகே நின்றபடி, பேருந்து கிளம்புவதற்குள் குடித்து முடிக்க வேண்டிய ஒன்று. அந்த ஊரில், நெடுஞ்சாலையை ஒட்டிய ஓர் உணவகம் மாலை வேளையில் ஆங்கிலேய முறைப்படி தேநீர் பரிமாறுகிறது.

விலைப்பட்டியலில் இதனை ‘மன்றோ காலத்து மரபு’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். திப்பு சுல்தான் 1792-இல் விட்டுக்கொடுத்த, கிருஷ்ணகிரியும் அடங்கிய பாராமகால் பகுதியில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி தாமஸ் மன்றோ 1799 வரை நிலவரி வேலை பார்த்தார் என்பது உண்மை. ஆனால் இங்கிலாந்தில் இரவு உணவு எட்டு மணிக்குத் தள்ளிப்போக, இடைப்பட்ட பசியைப் பொறுக்காத பெட்ஃபோர்டு கோமகள் அன்னா மாலையில் தேநீரும் ரொட்டியும் வெண்ணெயும் வரவழைத்ததில் இவ்வழக்கம் தொடங்கியதாகச் சொல்லப்படுவது 1840-ஐ ஒட்டி. மன்றோ அதற்கு முன்பே, 1827-இல், காலமாகிவிட்டார்.

தேநீரைப் பொறுத்தவரை கடைக்காரர்கள் விஷயம் தெரிந்தவர்கள். நம் டீக்கடைகளில் பயன்படும் டஸ்ட் தூள், நொடியில் நிறம் இறங்கி, பாலையும் சர்க்கரையையும் தாங்கி நிற்பதற்கென்றே ஆனது. இங்கே தருவதோ முழு இலையாகச் சுருட்டி உலர்த்திய நீலகிரித் தேயிலை. பீங்கான் குடுவையில் கொதிநீர் ஊற்றி, பாலைத் தனிக் கிண்ணத்தில் வைக்கிறார்கள். முதல் கோப்பையைப் பால் சேர்க்காமல் குடித்தால், மலைத் தேயிலைக்கே உரிய பூவாசனை தெளிவாகத் தெரிகிறது. குறை என்னவென்றால், நான்கைந்து நிமிடங்களில் எடுத்துவிட வேண்டிய இலை குடுவைக்குள்ளேயே ஊறிக் கிடப்பதால் இரண்டாவது கோப்பை கஷாயமாகிவிடுகிறது. கேட்டால் வெந்நீர் தருகிறார்கள். ஆனால் ஒரு வடிகட்டிக் கூடை போட்டிருந்தால் கேட்கவே வேண்டியிருக்காது.

தட்டைக் கீழடுக்கிலிருந்து மேல்நோக்கிச் சாப்பிடுவது முறை. கீழே இருந்த வெள்ளரி சாண்ட்விச் நீர்விட்டு நொதநொதத்திருந்தது. நடு அடுக்குதான் வந்ததற்குப் பயன். ஸ்கோன் எனப்படும் சூடான ஆங்கிலேயச் சிறு ரொட்டியுடன், ஊரில் பெங்களூரா என்று அழைக்கப்படும் மாங்காயில் காய்ச்சிய ஜாமைத் தருகிறார்கள்; லேசான புளிப்போடு இருப்பதால் க்ரீமின் கொழுப்புக்கு அது ஸ்ட்ராபெரி ஜாமைவிடப் பொருத்தமாக அமைகிறது. மேலடுக்கில் கேக்குகள் சாதாரணம். கேழ்வரகு பிஸ்கட் மட்டும் மறுபடி கேட்கத் தோன்றும்.

விலை அதிகம்தான், அதே பணத்தில் எதிரே இருக்கும் கடையில் பத்துப் பேருக்கு மேல் டீயும் மசால் வடையும் வாங்கித் தரலாம். ஆனால் ஒரு தட்டு இருவருக்குத் தாராளமாகப் போதும், எவ்வளவு நேரம் உட்கார்ந்து பேசினாலும் பில்லை நீட்டி எழுப்புவதில்லை. ஞாயிறு மாலைகளில் பெங்களூர் திரும்பும் கார்களின் கூட்டம் உள்ளே புகுந்துவிடுவதால், வார நாளில் நான்கு மணிக்கு முன்பாகச் செல்வது நல்லது. சாண்ட்விச் வேண்டாம் என்று முதலிலேயே சொன்னால், அதற்குப் பதிலாக இன்னொரு ஸ்கோன் வைக்கிறார்கள்.