கியர் பொக்ஸைக் கழற்ற விடுமுன் அடிமட்டத்தை எடுங்கள்

திருகோணமலையில் வான் வைத்துப் பிழைக்கும் இன்னொருவர் இப்படி ஏமாறக் கூடாது. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

நிலாவெளிக்குச் சுற்றுலாப் பயணிகள் வரத் தொடங்கும் நேரத்தில் என் வானின் எஞ்சின் கைவிட்டது. நகரில் ஒரு கராஜில், ஜப்பானில் பாவித்த எஞ்சினையும் அதனோடு வந்த கியர் பொக்ஸையும் பொருத்தித் தந்தார்கள். எஞ்சினில் குறையில்லை. எஞ்சினையும் கியர் பொக்ஸையும் பிரித்துவிடும் கிளச்தான் பிரியவில்லை. மிதியைத் தரைவரை அமுக்கினாலும் ரிவர்ஸ் கியர் கரகரவென்று அலறியது. அநுராதபுரச் சந்தியில் முதலாம் கியர் விழாமல், பின்னால் பஸ்கள் ஹோன் அடிக்க நடுவீதியில் நின்றேன்.

"தட்டுத் தேய்ந்துவிட்டது தம்பி" என்றார் கராஜ்காரர். கியர் பொக்ஸை இறக்கித் தட்டை மாற்றி 48,000 ரூபாய் வாங்கினார். தட்டுத் தேய்ந்தால் கிளச் வழுக்கும். எஞ்சின் இரையும், வண்டி மேடேறாது. என் வண்டியில் நடந்தது அதற்கு நேர்மாறு. தொழில் தெரிந்தவருக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. கோளாறு தீரவில்லை என்றதும், மிதியை அமுக்கும்போது குழாய்க்குள் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரைப் புதிதாகப் போட்டதாகப் பில் எழுதி இன்னும் 22,000 வாங்கினார். அதற்கும் தீரவில்லை. மறுபடி கியர் பொக்ஸை இறக்க வேண்டும் என்றபோது வண்டியை எடுத்துக்கொண்டு கிண்ணியாவுக்குப் போனேன்.

அங்கே ஒரு வயதான மெக்கானிக். முதலில் மிதியை நாலைந்து முறை விட்டுவிட்டு அமுக்கச் சொன்னார். எண்ணெய்க் குழாயில் காற்று இருந்தால் மிதி இறுகி, கியர் விழும். விழவில்லை. பிறகு என்னை மிதியை அமுக்கச் சொல்லிவிட்டு, கீழே படுத்து, அந்த எண்ணெயை வாங்கிக் கிளச்சைப் பிரிக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் தள்ளுகோல் எவ்வளவு நகர்கிறது என்று அடிமட்டத்தால் அளந்தார். 10 மில்லிமீற்றர்.

"இது போதாது தம்பி" என்றார். சிலிண்டர்களின் உடலில் வார்த்திருந்த எண்களைத் துடைத்துக் காட்டினார். புதிய கியர் பொக்ஸோடு வந்த ஸ்லேவின் உள்விட்டம் 13/16 அங்குலம். மாஸ்டரோ என் பழைய வண்டியின் 5/8. சின்ன மாஸ்டர் தள்ளும் எண்ணெய் பெரிய ஸ்லேவை நிரப்பிப் போதிய தூரம் தள்ளாது. அந்தத் துணியால் அப்படியே மாஸ்டரையும் துடைத்தார். கறுப்புப் பெயின்ட் உரிந்து, அடியில் துரு தெரிந்தது. புதியது என்று பில் போட்டது என் பழைய சிலிண்டரையே!

"காக்கா, இனி என்ன செய்வது?" என்று அந்த மெக்கானிக்கைக் கேட்டேன். 11/16 அங்குல மாஸ்டர் போட்டார். தள்ளுகோல் 12 மில்லிமீற்றர் நகர்ந்தது. ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுந்தது. மிதி சற்றுக் கனம், அவ்வளவுதான். கூலி 3,500 ரூபாய்.

எஞ்சின் மாற்றுகிறவர்கள் பணம் கொடுக்குமுன் கழற்றிய பழைய பாகங்களைக் கையில் வாங்குங்கள். நான் கேட்கவில்லை. எஞ்சின் இலக்கம் எழுதிய பில்லையும் வாங்குங்கள். பதிவுப் புத்தகத்தில் மாற்ற அது வேண்டும்.

கராஜ்காரர் ஒரு சதமும் திருப்பித் தரவில்லை. பெயின்ட் உரிந்த சிலிண்டரையும் பில்லையும் ஒரே பையில் கட்டி வைத்திருக்கிறேன். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு நாளை காலை அழைக்கிறேன்.